பல்கு நகரத்து ஆசிரியரும் உள்ளத்தின் மருத்துவமும்

முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், நான் ஓதிக்கொடுக்கத் தொடங்கிய புதிதில், எங்கள் மத்ரஸாவில் பதினைந்து வயது மாணவன் ஒருவன் இருந்தான். கூர்த்த மதியினன்; கொடுத்த பாடத்தைத் தடையின்றி ஒப்பிப்பான். ஆனால் ஒளு செய்ய ஹவுளின் ஓரத்தில் அமர்ந்தால் எழமாட்டான். முழங்கை வரை கழுவியதையே மீண்டும் கழுவுவான். "நனைந்ததா, நனையவில்லையா" என்று தனக்குள் முணுமுணுப்பான். ஜமாஅத் முடிந்து மற்றவர் கலைந்த பின்னும் அவன் கை நீருக்குள்ளேயே இருக்கும். விரலிடுக்குகளில் தோல் வெளுத்து வெடித்திருந்தது.

"இது ஷைத்தானின் ஊசாட்டம், ஈமானை உறுதிப்படுத்திக்கொள்" என்று முதலில் அறிவுரை கூறினேன். பிறகு கடிந்துகொண்டேன். ஒருநாள் மற்ற மாணவர்களின் முன்னிலையில் ஏளனமாக ஒரு சொல்லும் சொல்லிவிட்டேன். அந்த வியாழக்கிழமை மாலை விடுமுறைக்கு ஊர் சென்றவன் திரும்பி வரவேயில்லை.

அச்சொல்லின் சுமை இன்னதென்று எனக்கு விளங்கியது பல ஆண்டுகள் கழித்து, ஓர் அரபு நூலைப் படித்தபோதுதான். அந்நூலையும் அதை எழுதிய பெருமகனையும், அவர் வழிவந்த ஒரு மரபையும், அம்மரபை நாம் கைநழுவவிட்ட விதத்தையும் பற்றிச் சில செய்திகளை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆற்றைக் கடக்காத அறிஞர்

இன்றைய ஆப்கானிஸ்தானின் வடபகுதியில் உள்ளது பல்கு. அந்நகரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கி.பி. 850ஐ ஒட்டிப் பிறந்தவர் அபூ ஜைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்பல்கீ. தந்தையார் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஆசிரியர். மகனும் முதலில் அதே தொழிலைத்தான் செய்தார். பின்னர் கல்வி வேட்கை உந்த இராக் நாட்டுக்குச் சென்று, "அரபுகளின் தத்துவ ஞானி" எனப் போற்றப்பெற்ற அல்கிந்தீயிடம் பயின்று, பல ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பினார். மார்க்கக் கலைகள், தத்துவம், மருத்துவம், புவியியல் எனப் பல துறைகளிலும் நூல்கள் இயற்றினார். அவற்றுள் பெரும்பாலானவை காலவெள்ளத்தில் மறைந்துபோயின. புவியியலார் அவரை இன்றும் மறக்கவில்லை. உலகப் படங்கள் வரைந்த அல்இஸ்தக்ரீ, இப்னு ஹவ்கல் ஆகியோரின் வழியைப் "பல்கீ மரபு" என்றே வழங்குகின்றனர். ஹிஜ்ரி 322இல், அதாவது கி.பி. 934இல், அவர் மறைந்தார்.

அவரைப் பற்றிப் பழைய நூல்கள் சொல்லும் சுவையான செய்தி ஒன்றுண்டு. குராஸானின் அமீர், அவருடைய அறிவின் சிறப்பைக் கேள்வியுற்றுப் புகாராவுக்கு வருமாறு அழைத்தார். பல்கீ புறப்பட்டு ஜைஹூன் ஆற்றங்கரை வரை வந்தார். பெருக்கெடுத்து ஓடும் அந்த ஆற்றைக் கண்டதும் நின்றுவிட்டார். தம்முடைய நல்லறிவைக் கேள்வியுற்று அமீர் அழைத்திருப்பாராயின், இந்த ஆற்றைக் கடக்க வேண்டாம் என்பதே அந்த அறிவு தரும் முடிவு என்று கடிதம் எழுதி அனுப்பினார். அமீர் வியந்து, அவர் ஊர் திரும்ப இசைந்தார். அச்சத்தைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதிய அறிஞர், அச்சம் இன்னதென்று தாமே அறிந்தவராகவும் இருந்தார் என்று இதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவதுண்டு.

ஒரே அட்டைக்குள் இரண்டு மருத்துவம்

அவர் எழுதிய நூலின் பெயர் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்'. உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் பயப்பவை என்பது அதன் பொருள். முதற்பகுதி உணவு, நீர், காற்று, உறையுள், உறக்கம் என உடலைப் பேணும் முறைகளைக் கூறுகிறது. இரண்டாம் பகுதி எட்டு அத்தியாயங்களில் உள்ளத்தைப் பேசுகிறது. உள்ள நலத்தின் தேவை, இருக்கும் நலத்தைக் காத்தல், இழந்த நலத்தை மீட்டல், நோய்க்குறிகளின் வகைகள் என்பன முதல் நான்கு. சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் எனும் ஓயாத உள்ளூசாட்டம் என்பன பின் நான்கு.

இரண்டையும் ஒரே நூலில் கோத்தது ஏன்? மனிதன் உடலும் உள்ளமும் இணைந்தவன். ஒன்று நலிந்தால் மற்றொன்றும் நலியும் என்பது அவர் கொள்கை. உடல் நோவின்போது சிந்தனை தடுமாறுகிறது. உள்ளம் நோகும்போது உண்ட உணவு உடலில் ஒட்டுவதில்லை. ஆயினும் அவர் காலத்து மருத்துவர்கள் உடலுக்கு மட்டுமே மருந்து எழுதினர். உள்ளத்தின் நோய்க்குக் குருதி வடித்தலும் கஷாயமும் போதாமையால், அது தம் தொழில் அன்று என அவர்கள் விட்டுவிட்டனர். அந்த வெற்றிடத்தை நிரப்பவே பல்கீ எழுதுகோலை எடுத்தார்.

அவர் கூறும் மற்றொரு கருத்து ஆழ்ந்து எண்ணத்தக்கது. உடல் நோய் வராமலே பல நாள் வாழ்பவர் உண்டு. ஆனால் கவலையோ சினமோ அச்சமோ தீண்டாமல் நாள்களைக் கடத்துபவர் எவரும் இலர். எனவே உள்ளத்தின் நோவு யாரோ சிலருக்கு மட்டும் நேரும் இழிவு அன்று; மனிதராய்ப் பிறந்த எல்லார்க்கும் பொதுவானது; அளவில்தான் வேறுபாடு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இக்கருத்து நம் வீடுகளுக்குள் இன்னும் வந்து சேரவில்லையே!

உள்ளிருந்து வரும் துணை, வெளியிலிருந்து வரும் துணை

இழந்த உள்ள நலத்தை மீட்க இரண்டு துணைகள் உள்ளன என்கிறார் பல்கீ. ஒன்று உள்ளிருந்து வருவது. உடல்நலம் உள்ளவன் அவசரத்துக்கென்று சில மருந்துகளை வீட்டில் சேமித்து வைப்பதைப் போல, மனம் அமைதியாய் இருக்கும் வேளையிலேயே நல்ல எண்ணங்களைத் தேடிச் சேமித்து வைக்க வேண்டும். சினமும் துயரமும் எழும்போது அவற்றை எடுத்து எதிர்நிறுத்த வேண்டும். புயல் வீசும்போது கயிறு திரிக்க இயலாது. முன்னரே திரித்து வைத்திருக்க வேண்டும் அல்லவா?

மற்றொன்று வெளியிலிருந்து வருவது. அறிவும் கனிவும் உடைய வேறொருவர் நோவுற்றவருடன் அமர்ந்து பேசும் பேச்சு. தனக்குத் தானே சொல்லிக்கொள்வதைவிடப் பிறர் சொல்வதை மனிதன் எளிதில் ஏற்கிறான். மேலும், துயரில் மூழ்கியவனின் அறிவையே துயரம் கவ்விப் பிடித்திருப்பதால், அவன் தன்னைத் தானே தூக்கிவிட்டுக்கொள்வது அரிது. ஆகவே, சொல்லையே மருந்தாகத் தரும் ஒருவர் தேவை என்று தயக்கமின்றி எழுதிச் சென்றார் பல்கீ. இன்று மனநல ஆலோசனை, உளவளத் துணை என்றெல்லாம் நாம் வழங்கும் பணியின் வேர் இங்கே தெளிவாகத் தெரிகிறது.

துயரத்தை அவர் இரண்டாகப் பகுத்தார். உற்றாரின் மரணம், பொருளிழப்பு எனக் காரணம் தெரிந்த துயரம் ஒன்று. யாதொரு காரணமும் புலப்படாமல் மனத்தைக் கவ்வும் துயரம் மற்றொன்று. முன்னதற்கு ஆறுதலும் சிந்தனையும் மருந்து; பின்னது உடலில் வேரூன்றியது ஆதலின் உடல் மருத்துவமும் வேண்டும் என்றார். "உனக்கு என்ன குறை? எல்லாம்தான் இருக்கிறதே, பிறகு ஏன் இந்த அழுகை?" என்று நாம் கேட்கிறோமே, அக்கேள்விக்கு அன்றே விடை சொல்லிவிட்டார். காரணம் தெரியாமையும் அந்நோயின் ஓர் இலக்கணம்.

அச்சம் கொண்டவனுக்கு அவர் கூறும் வழி, அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாகக் கண்ணுக்கும் காதுக்கும் பழக்குவதாகும். வஸ்வாஸ் கொண்டவனுக்கோ தனிமை ஆகாது, வேலையற்றிருத்தல் ஆகாது என்றார். அத்தகையவனின் மனம் எதையும் அதன் கெட்ட பக்கத்திலிருந்தே பார்க்கும் என்றும், அந்த எண்ணத்தின் பொய்ம்மையைப் பொறுமையுடன் எடுத்துக்காட்ட வேண்டும் என்றும் எழுதினார். இவ்விடத்தைப் படித்தபோதுதான் ஹவுளின் ஓரத்தில் அமர்ந்திருந்த அந்த வெளுத்த விரல்கள் என் கண்முன் வந்தன. அவனுக்குத் துணை தேவைப்பட்டது. நான் அவனைத் தனிமைக்குத் துரத்தியிருந்தேன்.

'உறுதியானது ஐயத்தால் நீங்காது' எனும் ஃபிக்ஹு விதியை நானே அவனுக்குப் பாடமாக நடத்தியிருந்தேன். விதி சரியானதே. ஆனால் உறுதி எனும் உணர்வே உள்ளத்தில் நிலைக்காத நோய் ஒன்று உண்டு என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

ஒரு மரபின் தொடர்ச்சி

பல்கீ தனி மரம் அல்லர். அவருடைய ஆசிரியர் அல்கிந்தீ, துயரங்களை விலக்கும் உபாயம் பற்றித் தனி நூலே எழுதினார். விரும்பியதை இழப்பதும் நாடியதை அடையாமையுமே துயரத்தின் ஊற்று என்று வரையறுத்து, பயணிகளின் உவமை ஒன்றால் அதை விளக்கினார். வழியில் கரையிறங்கிய கப்பற் பயணிகளில் சிலர் உடனே திரும்பி நல்ல இடம் பிடித்தனர்; சிலர் பூவும் கல்லும் பொறுக்கிச் சுமந்து வந்து இடமின்றி நெருக்குண்டனர்; சிலர் ஊர் மறந்து அங்கேயே தங்கி அழிந்தனர்.

பல்கீயின் காலத்தவரே மாமருத்துவர் அர்ராஸீ. ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை தாங்கிய அவர், 'அத்திப்புர் ரூஹானீ' எனும் நூலை இருபது அத்தியாயங்களில் இயற்றினார். தன் குறை தனக்குத் தெரியாது. ஆகவே அறிவுள்ள நண்பர் ஒருவரை அமர்த்தி, ஒளிவின்றித் தம் குறையைக் கூறுமாறு வேண்டிக்கொள்ள வேண்டும் என்பது அதில் வரும் அறிவுரைகளுள் ஒன்று.

இப்னு ஸீனாவைப் பற்றி, கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாரசீகத்தில் எழுந்த 'சஹார் மகாலா' எனும் நூலில் ஒரு கதை உண்டு. புவைஹிய இளவரசன் ஒருவன் தன்னை ஒரு மாடு என்றே நம்பி உண்ண மறுத்தான்; தன்னை அறுத்து ஹரீஸா ஆக்குமாறு கதறினான். இப்னு ஸீனா அவனைப் பழிக்கவில்லை. "நீ மாடில்லை" என்று வாதாடவும் இல்லை. கையில் கத்தியுடன் வந்து, விலாவைத் தொட்டுப் பார்த்து, "இந்த மாடு மெலிந்திருக்கிறது, கொழுக்க வைத்த பிறகு அறுக்கலாம்" என்றார். இளவரசன் உண்ணத் தொடங்கினான், உணவோடு மருந்தும் உள்ளே சென்றது, நோய் நீங்கியது. இது வரலாறோ புனைவோ, இதன் உட்பொருள் மெய்யானது. நோயாளி நிற்கும் இடத்துக்கு மருத்துவர் இறங்கிச் சென்றால்தான் அவனைக் கைப்பிடித்து ஏற்றிவிட முடியும்.

நூல்களில் மட்டுமன்றிக் கட்டடங்களிலும் இம்மரபு வாழ்ந்தது. திமிஷ்க் நகரில் 1154இல் நூருத்தீன் எழுப்பிய மாரிஸ்தான், கெய்ரோவில் 1284இல் நிறைவுற்ற சுல்தான் கலாவூனின் மாரிஸ்தான், அலெப்போவில் 1354இல் எழுந்த அர்கூன் மாரிஸ்தான் ஆகியவை வக்ஃபு வருவாயால் நடந்தன; அங்கே மனநோயாளருக்கும் இடம் இருந்தது. அலெப்போவில் நோயாளிகளின் அறைகள் நீரூற்றுள்ள முற்றங்களைச் சுற்றி அமைக்கப்பட்டிருந்தன. துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488இல் நிறுவிய மருத்துவமனையில், பாடகரும் இசைக்கலைஞருமாகப் பதின்மர் வாரம் மூன்று நாள் நோயாளிகளுக்காக இசைத்தனர் என்று பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபீ எழுதிவைத்தார். அக்கட்டடம் இன்று மருத்துவ அருங்காட்சியகமாக விளங்குகிறது.

சங்கிலியின் வரலாறு

நிற்க. "எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது" என்று மார்தட்டுவதற்காக இவற்றை எழுதவில்லை. உண்மையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1184இல் திமிஷ்க் மருத்துவமனையைக் கண்ட பயணி இப்னு ஜுபைர், அங்கு நோயாளிகளுக்குச் செய்யப்பட்ட பணிவிடைகளைப் பாராட்டுகிறார். அதே மூச்சில், பித்துற்றோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்ததையும் குறிப்பிடுகிறார். நீரூற்றும் சங்கிலியும் ஒரே நாகரிகத்தில் அருகருகே இருந்தன. பல்கீயின் நூல் ஒரு வழியைக் காட்டியது. சங்கிலி மற்றொரு வழியைக் காட்டியது. எவ்வழியில் நடப்பது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் தானே தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

நம் தலைமுறை எதைத் தேர்ந்தது? 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தனர். ஓட வழியின்றி 28 உயிர்கள் மாண்டன. அவர்கள் ஒரே சமயத்தவர் அல்லர். எல்லாச் சமயத்துக் குடும்பங்களும் அந்த மண்ணை நம்பித் தம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டிருந்தன. உச்ச நீதிமன்றம் அதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. பின்னர் வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணிக்கலாகாது என்று தடை விதித்தது.

துஆ கேட்பதும் இறைநேசர்களின் அடக்கத்தலத்தில் மன ஆறுதல் பெறுவதும் குற்றம் என்று நான் கூறவில்லை. துஆவோடு மருந்தும் சேர வேண்டும் என்பதே நம் பெரியோர் காட்டிய நெறி. நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பணித்திருக்கிறார்கள். துயருற்ற வீட்டாருக்கு ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் தல்பீனா எனும் வாற்கோதுமைக் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுக்கச் செய்தார்கள் என்ற செய்தி நம் ஹதீஸ் நூல்களில் உள்ளது. அது நெஞ்சின் துயரைத் தணிக்கும் என்று பெருமானார் கூறியதை அவர்கள் கேட்டிருந்தார்கள்.

"ஸபூர் செய், அழாதே" என்று சொல்லி வாயடைப்பதும் நம் வழக்கமாகிவிட்டது. மகன் யூஸுஃபைப் பிரிந்த யஃகூப் நபி (அலை) அவர்கள் கண் வெளுக்கும் வரை துயருற்றார்கள். அவர்களைப் பொறுமையற்றவர் என்று யாரும் கூறத் துணிவதில்லை. அன்பு மனைவியும் அரவணைத்த பெரிய தந்தையும் மறைந்த ஆண்டுக்குத் 'துயர ஆண்டு' என்றே நம் வரலாறு பெயரிட்டிருக்கிறது. துயரத்துக்கு ஒரு பெயர் சூட்டி அதை ஏட்டில் பதிந்த சமுதாயம், தன் பிள்ளையின் துயரத்தை மட்டும் மூடி மறைப்பானேன்?

மறைந்த நூலும் மறைக்கும் வீடும்

பல்கீயின் நூல் நெடுங்காலம் இஸ்தான்பூலில் ஆயா ஸோஃபியா நூல் தொகுதியில் கையெழுத்துப் படியாகக் கிடந்தது. 1984இல் பேராசிரியர் ஃபுஆத் ஸெஸ்கின் அதன் நகலை ஃபிராங்ஃபர்ட்டில் பதிப்பித்தார். சூடான் நாட்டு உளவியல் அறிஞர் மாலிக் பத்ரீ அதன் இரண்டாம் பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்டார். எண்ணத்தைத் திருத்தி உணர்ச்சியைச் சீர்செய்யும் மருத்துவம் மேலைநாடுகளில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வளர்ந்தது. அதன் அடிப்படைக் கருத்துகள் பல பல்கீயின் ஏட்டில் முன்னரே இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார்.

இன்று அம்மருத்துவம் நடைபெறும் முறையை நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவர் முன் வாரம் ஒருமுறை, ஏறத்தாழ ஒரு மணி நேரம் அமர்ந்து பேசுவதே அதன் உருவம். பெரியவர்களுக்கு அது, நெஞ்சில் பூட்டியவற்றை இழிசொல்லுக்கு அஞ்சாமல் திறக்கும் இடம். வளரிளம் பிள்ளைகளுக்கு அது, வாப்பாவிடமும் உம்மாவிடமும் சொல்ல இயலாததைச் சொல்லும் இடம். ஆகவே பிள்ளை அங்கே பேசியதை ஒவ்வொன்றாகக் கேட்டுத் துருவுதல் கூடாது. உயிருக்கு ஆபத்து போன்ற நிலைகளில் மருத்துவர் பெற்றோருக்கு அறிவிப்பார்.

குடும்பம் முழுவதும் சேர்ந்து அமரும் முறையும் உண்டு. அதன் பயனுக்கு என் மாணவனின் நோயே சான்று. தூய்மை பற்றிய வஸ்வாஸ் கொண்ட பிள்ளை, "உம்மா, என் கை சுத்தமா?" என்று நூறு முறை கேட்கும். அன்புள்ள உம்மா நூறு முறையும் "சுத்தம்தான் மகனே" என்பாள். அந்த விடையே நோய்க்குத் தீனியாகிறது என்பதை அவள் அறியாள். ஐயம் எழுந்த பின்னும் கழுவாமல் சிறிது நேரம் பொறுக்கப் பழகுவதும், அந்தப் பதற்றம் தானே தணிவதைக் கண்டறிவதுமே அந்நோய்க்குரிய பயிற்சி. தேவையானால் மருந்தும் உடன் தருவர். பிள்ளைக்குப் பயிற்சி அளிக்கும்போதே, எப்போது விடை கூறாதிருப்பது என்று உம்மாவுக்கும் கற்பிக்கிறார்கள். அஞ்சியதைச் சிறிது சிறிதாகப் பழக்குக என்று பல்கீ சொன்னதற்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை.

பிறருக்குத் தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள் என்று அஞ்சி ஆண்டுக்கணக்கில் மறைப்போர் நம்மில் பலர். மறைத்த நோய் முற்றுகிறது. முற்றிய பிறகு எவரும் மறைக்க இயலுவதில்லை. மருத்துவரிடம் நேரில் செல்லத் தயங்குவோருக்கு, மத்திய அரசு 2022இல் தொடங்கிய 14416 எனும் கட்டணமற்ற தொலைபேசி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

சென்ற ஆண்டு மத்ரஸாவில் மற்றொரு மாணவனை அதே ஹவுளின் ஓரத்தில் கண்டேன். மற்றவர்கள் சென்ற பின் அவனருகே அமர்ந்தேன். "எத்தனை நாளாய் இப்படி இருக்கிறது, தம்பி?" என்று மட்டும் கேட்டேன். அவன் அழுதுவிட்டான். அவனுடைய வாப்பாவை வரவழைத்து, மூவருமாக அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்றோம். வரிசையில் காத்திருந்தபோது, "உஸ்தாத், நான் பைத்தியமா?" என்று மெல்லக் கேட்டான். இல்லை என்றேன். பல்கு நகரத்தில் வாழ்ந்த ஓர் ஓதிக்கொடுப்பவரைப் பற்றியும், அவர் கடக்காமல் திரும்பிய ஆற்றைப் பற்றியும் அவனுக்குச் சொன்னேன். அவன் சிரித்தான். இப்போது பாடத்துக்குத் தவறாமல் வருகிறான். ஒளுவும் மற்றவர்களோடு சேர்ந்தே முடிகிறது. சில நாள்களில் மட்டும் சற்றுத் தாமதம்.

முன்னவன் எங்கே இருக்கிறானோ, அறியேன். அவனுக்கும் யாரேனும் ஒருவர் அருகே அமர்ந்து, கடிந்துகொள்ளாமல் கேட்டிருக்க வேண்டும் என்பதே ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் என் துஆ.